வெள்ளியா, மையா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், மாடி அறையில் துணி போர்த்திக் கிடக்கும் என் பழைய என்லார்ஜரை, அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் முக்கால்வாசி விலையைப் பற்றித்தான். இருட்டறையில் கழுவிய பிரின்டுக்கு ஒரு விலை, மையைப் பீய்ச்சி அச்சிடும் இன்க்ஜெட் பிரின்டுக்கு வேறு விலை, ஏன் என்று கேட்கிறார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 1979-லிருந்து 23 வருஷம் அண்ணா சாலைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டவன். அப்புறம் இன்றுவரை வீட்டு மாடியில் ஒரு பெரிய இன்க்ஜெட் மிஷினை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எடுத்த படங்களுக்குப் பிரின்ட் போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவன். ஒரு பக்கமாகச் சாய மாட்டேன் என்று நம்புகிறேன், சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஒரு கண்காட்சியில் ஒரே புகைப்படக்காரரின் இரண்டு படங்களைப் பார்த்தேன். பெரிய படம், இன்க்ஜெட், 45,000 ரூபாய். அதில் பாதி அளவுகூட இல்லாத கறுப்பு வெள்ளைப் படம், 'சில்வர் ஜெலட்டின்' என்று எழுதியிருந்தது, 1,60,000 ரூபாய். அப்படியானால் இன்க்ஜெட் என்பது ஜெராக்ஸ் மாதிரிதானா?
– வாசகர், கோவை

ஜெராக்ஸ் இல்லை ஐயா. நல்ல பருத்திப் பேப்பரில், பிக்மென்ட் மையில் (நுண்ணிய வண்ணப் பொடி கலந்த மை), வேலை தெரிந்தவர் போட்ட இன்க்ஜெட் பிரின்டை என் பழைய பிரின்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் பல சமயம் அதுதான் நன்றாக இருக்கிறது. சொல்ல எனக்கே கொஞ்சம் வலிக்கிறது. ஆனால் காசு கொடுத்துச் சேகரிப்பவர்கள் பார்ப்பது கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்பதை மட்டும் இல்லை.

'சில்வர் ஜெலட்டின்' என்றால் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிய பேப்பரில், இருட்டறையில் போட்ட பிரின்ட். அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு தேர்த் திருவிழாப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் முழுவதற்குமாகப் பேப்பருக்கு 22 விநாடி வெளிச்சம். அதில் முதல் 6 விநாடி, வடம் பிடிக்கிறவர்களின் முகம் கறுத்துவிடாமல் இருக்க, கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையை அந்த இடத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டுவது நின்றால் அட்டையின் ஓரம் படத்தில் வட்டமாக விழுந்துவிடும். அப்புறம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்து, நடுவில் ஒரு சந்து விட்டு, வானத்துக்கு மட்டும் இன்னொரு 15 விநாடி. அதற்கப்புறம் படத்தை வெளிவரச் செய்யும் டெவலப்பர் ட்ரே. அதன் சூடு காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அதே நெகட்டிவ், அதே ஆள், அதே நாள்தான். ஆனாலும் பத்துப் பிரின்டைத் தரையில் பரப்பி வைத்தால் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டது எது, பின்னால் போட்டது எது என்று சொல்லிவிடுவேன்.

இன்க்ஜெட்டில் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தடவை செய்கிறோம். குறைந்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு படத்துக்கு நான் மூன்று நாள் உட்கார்ந்ததுண்டு. ஆனால் முடித்துச் சேமித்துவிட்டால் முதல் பிரின்டும் முப்பதாவது பிரின்டும் இரட்டைப் பிள்ளைகள். வாங்குகிறவர் மனசில் முள் குத்துவது இங்கேதான். நாளைக்கே ஒரு பட்டனைத் தட்டினால் இன்னொன்று வந்துவிடுமே என்று நினைக்கிறார்.

நியாயமான பயம்தான். ஆனால் அதை வைத்து 'இருட்டறை என்றால் அரிது' என்று முடிவு கட்டினால் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் வந்து குறுக்கே நிற்பார். 1941-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊருக்கு மேலே நிலா எழும்புவதை அவர் எடுத்த படம் உலகப் பிரசித்தம். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து தன் வாழ்நாளில் 1,300-க்கும் அதிகமான பிரின்ட் போட்டார். இத்தனைக்கு மட்டும்தான் போடுவேன் என்று கணக்கு ஏதும் கிடையாது. அப்படியிருந்தும் 1948-ல் போட்ட ஒரு பிரின்ட் 2006-ல் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 6,09,600 டாலருக்குப் போனது. ஆரம்ப காலப் பிரின்டுகளில் வானம் சாம்பல் நிறம், மேகம் லேசாகத் தெரியும். வயசாக ஆக அவர் வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். கடைசி காலப் பிரின்டுகளில் நிலாவுக்கு மேலே கிட்டத்தட்டத் தார்தான். பியானோ பயின்ற மனிதர் அவர். நெகட்டிவ் என்பது எழுதி வைத்த ஸ்வரம், பிரின்ட் என்பது கச்சேரி என்பார். அதே கிருதியை முப்பது வயதில் பாடுவதும் எழுபதில் பாடுவதும் ஒன்றா?

ஆக, சேகரிப்பவர் முதலில் கேட்பது 'எப்போது போட்டது' என்பதைத்தான். படம் எடுத்த சில வருஷங்களுக்குள் போட்ட பிரின்டை 'வின்டேஜ்' என்பார்கள். புகைப்படக் கலைஞர் மான் ரே 1924-ல் ஒரு பெண்ணின் முதுகை வயலினாக மாற்றிக் காட்டிய படத்தின் அந்தக் காலத்துப் பிரின்ட் 2022-ல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 24 லட்சம் டாலருக்கு விற்றது. அதே படத்துக்குப் பிற்காலத்துப் பிரின்டுகளும் உண்டு. அவற்றின் விலை இதன் நிழலில்கூட நிற்காது. இரண்டுமே இருட்டறைதான், இரண்டிலும் அதே வெள்ளிதான்.

அதனால் நீங்கள் பார்த்த அந்த 1,60,000 ரூபாய்ப் படத்தை யார் போட்டார், எந்த வருஷம், மொத்தம் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். படம் எடுத்தவரே தன் கையால் அப்போதே போட்டிருந்தால் விலை சரி. போன வருஷம் கூலிக்கு ஒருவரை வைத்துப் போட்டிருந்தால், 'சில்வர் ஜெலட்டின்' என்ற பெயர்ப் பலகைக்கும் சேர்த்துத்தான் காசு கேட்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு விஷயம். இன்று நாம் கும்பிடும் இந்த வெள்ளிப் பேப்பரும் ஒரு காலத்தில் மட்டமாகப் பார்க்கப்பட்டதுதான். இங்கிலாந்தில் தேவாலயங்களைப் படமெடுத்த ஃபிரெடெரிக் எவன்ஸ் பிளாட்டினம் பேப்பரில் மட்டுமே பிரின்ட் போடுவார். முதல் உலகப் போருக்கப்புறம் பிளாட்டினம் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும், வேறு பேப்பருக்கு மாற மனசில்லாமல் கிட்டத்தட்டத் தொழிலையே விட்டுவிட்டார்.

'ஜிக்ளே பிரின்ட்' என்று ஒரு கடையில் இரட்டிப்பு விலை சொன்னார்கள். அது என்ன புது முறை?
– வாசகி, புதுச்சேரி

புது முறையும் இல்லை, தனி முறையும் இல்லை. இன்க்ஜெட்தான். 1991-ல் கலிபோர்னியாவில் ஜாக் டுகான் என்ற பிரின்டர், இன்க்ஜெட் என்று சொன்னால் ஆபீஸ் மிஷின் ஞாபகம் வருகிறதே என்று, பீய்ச்சுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து இந்தப் பெயரைக் கட்டினார். பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. புதுச்சேரியில் யாராவது பெரியவரிடம் கேட்டால் சிரிப்பார், நான் இங்கே எழுத முடியாது. நல்ல காலரிகள் இப்போது 'ஆர்கைவல் பிக்மென்ட் பிரின்ட்' என்றுதான் எழுதுகின்றன. எந்த மை, எந்தப் பேப்பர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இரட்டிப்பு விலையும் வேண்டாம்.

இன்க்ஜெட் பிரின்ட் பத்து வருஷத்தில் வெளுத்துவிடும், வெள்ளிப் பிரின்ட் நூறு வருஷம் நிற்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், சேலம்

உங்கள் நண்பர் 1990-களில் நின்றுகொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் சொன்னது சரி.

பாடகர் கிரஹாம் நாஷுக்குப் புகைப்படப் பைத்தியம் உண்டு. அச்சகங்களில் புரூஃப் பார்ப்பதற்காகச் செய்த ஐரிஸ் என்ற மிஷினை 1,26,000 டாலர் கொடுத்து வாங்கி, நண்பர் மேக் ஹோல்பர்ட்டுடன் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 'நாஷ் எடிஷன்ஸ்' தொடங்கினார். கலைப் பிரின்டுக்கு இன்க்ஜெட் வந்த வாசல் அதுதான், அந்த மிஷின் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படம் அபாரமாக வரும். ஆனால் மை சாய மை. சில வருஷ வெளிச்சத்திலேயே ஓடிவிடும். 2000 வாக்கில் வீட்டு மிஷின்களுக்கு வந்த ஒரு போட்டோ பேப்பர் இன்னும் மோசம். வெளிச்சமே தேவையில்லை, காற்றிலிருக்கும் ஓசோன் பட்டே சில வாரத்தில் படம் ஆரஞ்சாக மாறியது. சேகரிப்பவர்களுக்கு இன்க்ஜெட் மேல் வந்த சந்தேகத்துக்குப் பாதிக் காரணம் அந்தக் காலத்துச் சூடுதான். சூடு பட்ட பூனை மோரைப் பார்த்தும் ஒதுங்கியது.

அப்புறம் பிக்மென்ட் மை வந்தது. சாயம் தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரைந்திருக்கும். பிக்மென்ட் அப்படிக் கரையாது, நுண்ணிய பொடியாகவே நிற்கும். அமெரிக்காவில் ஹென்றி வில்ஹெல்ம் என்பவர் வாழ்நாள் முழுக்க இதையே சோதித்தவர். கண்ணாடி போட்ட படத்தின் மேல் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். நல்ல பிக்மென்ட் மையும் நல்ல பேப்பரும் சேர்ந்தால் அவர் கணக்கில் அறுபது, எண்பது, நூறு வருஷத்துக்கு மேல் என்றெல்லாம் வருகிறது. பேப்பருக்குப் பேப்பர் மாறும். சோதனைக் கூடத்தில் வேகப்படுத்திப் பார்த்த கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, வெள்ளி? என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். 1980-களில் சென்னையில் தண்ணீருக்குக் குடத்தோடு லாரி பின்னால் ஓடிய ஒரு கோடை. கெட்டிப் பேப்பரில் போட்ட பிரின்டை, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலிலிருந்து எடுத்ததும் ஒரு மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லை, ஓடும் தண்ணீருக்கு எங்கே போவது? முதலாளி இரண்டு பக்கெட் காட்டினார். அதில் முக்கி முக்கி எடுத்து, ஒரு நாட்டியக் கலைஞரின் 40 படங்களைக் காய வைத்துக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த அம்மா ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிறமெல்லாம் டீக்கறையாகி, ஒரு படத்தில் அபிநயம் பிடித்த கையே காணோம். ஒரு வார்த்தை திட்டவில்லை, பேப்பர் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பேப்பர்தான் அது. பேப்பர் மேல் குற்றமில்லை, கழுவியவன் குற்றம்.

நன்றாகக் கழுவி, வெள்ளியைப் பாதுகாக்கும் செலினியம் கரைசலில் முக்கி எடுத்த வெள்ளிப் பிரின்ட் நூறு வருஷத்தைத் தாண்டும், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் 80-களின் கலர் கல்யாண ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை பெண் எல்லாரும் செக்கச் செவேலென்று இருப்பார்கள். அதுவும் இருட்டறையில் கழுவிய பிரின்ட்தான். அந்த வகைக் கலர் பேப்பரில் போட்ட, ஜெர்மன் புகைப்படக்காரர் ஆன்ட்ரியாஸ் குர்ஸ்கியின் ரைன் நதிப் படத்துக்குத்தான் 2011-ல் 43 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். நிரந்தரம் மட்டுமே விலையை முடிவு செய்தால் அந்த ஏலம் அப்படி நடந்திருக்காது.

'3/10' என்று எழுதியிருந்தால் பத்துக்கு மேல் போட மாட்டார்கள் என்று அர்த்தம். இன்க்ஜெட்டில் இதை எப்படி நம்புவது? ஏமாற்றினால் கேஸ் போட முடியுமா?
– வாசகர், மதுரை

கேஸ் போட்டார்கள். போட்டவர் தோற்றார். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் முழு ரகசியமும் இதில் இருக்கிறது.

வில்லியம் எகிள்ஸ்டன் என்ற புகைப்படக்காரர் அமெரிக்காவின் மெம்ஃபிஸ்காரர். கலரில் எடுத்தால் கலை இல்லை என்றிருந்த காலத்தில், 1976-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய கலர் படங்களுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. ஒரு வீட்டு வாசலில் நிற்கும் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் அவருடைய பேர் பெற்ற படம். தரையளவு தாழ்ந்து எடுத்ததால் சைக்கிள் ராட்சசன் மாதிரி இருக்கும்.

அவர் அன்று பிரின்ட் போட்டது 'டை டிரான்ஸ்ஃபர்' என்ற முறையில். படத்தை மூன்று கலராகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஜெலட்டின் மேடு பள்ளமாக ஒரு தகடு செய்து, சாயத்தில் ஊறவைத்து, பேப்பர் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக உருட்டி ஒட்ட வேண்டும். மூன்றும் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். நான் இதை ஒரு தடவைகூடச் செய்ததில்லை. செய்தவர்கள் போட்ட பிரின்ட் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிவப்பு பேப்பர் மேல் இல்லை, பேப்பருக்குள் இருந்தது. கோடாக் 1990-களில் இதற்கான சாமான்களைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஆக, இனிமேல் போட நினைத்தாலும் போட முடியாது, இருப்பு வைத்திருந்தவர்கள் தீரும்வரை போட்டுக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 2024-ல் எகிள்ஸ்டனின் கடைசி டை டிரான்ஸ்ஃபர் பிரின்டுகளைக் கண்காட்சியாக வைத்தார்கள்.

இப்போது 2012-க்கு வாருங்கள். எகிள்ஸ்டன் தரப்பு 36 படங்களைப் புதிதாக ஸ்கேன் செய்து, 44-க்கு 60 அங்குலம், அதாவது ஒரு சின்னக் கதவு அளவுக்கு, பிக்மென்ட் மையில் இன்க்ஜெட் பிரின்டாகப் போட்டு கிறிஸ்டீஸ் ஏலத்துக்குக் கொண்டுபோனது. மொத்தம் 59 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த சைக்கிள் படம் மட்டும் 5,78,500 டாலர்.

ஜோனதன் சோபல் என்ற சேகரிப்பாளர் அதே சைக்கிளின் சின்ன டை டிரான்ஸ்ஃபர் பிரின்டை 2,50,000 டாலருக்கு வாங்கி வைத்திருந்தவர். எண்ணிக்கை வரையறை உள்ள பிரின்ட் என்றுதான் வாங்கினார். அவருக்கு எப்படி இருந்திருக்கும்! இனிமேல் போட மாட்டோம் என்று சொல்லி விற்றுவிட்டு இப்போது பெரிய சைஸில் போடுகிறீர்களே, என் பிரின்டின் மதிப்பு இறங்காதா என்று நியூயார்க் கோர்ட்டுக்குப் போனார். 2013-ல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே டை டிரான்ஸ்ஃபர் முறையில் அதே பதிப்புக்கு மேலே இன்னும் போட்டிருந்தால் அது வேறு விஷயம், இது வேறு முறை, வேறு அளவு, ஆகவே வேறு பதிப்பு என்பது தீர்ப்பின் சாரம்.

இதில் கவனியுங்கள். இன்க்ஜெட் மலிவு என்று சொல்லிக்கொண்டிருந்த சந்தையிலேயே, அவர் சின்ன டை டிரான்ஸ்ஃபருக்குக் கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து இன்க்ஜெட்டை வாங்கினார்கள். பெரிய சுவர், பெரிய படம், பெரிய பெயர். அதற்காக டை டிரான்ஸ்ஃபர் மதிப்பிழந்துவிட்டதா என்றால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானாக இருந்தால், பணம் இருந்தால், அந்தச் சின்னதைத்தான் வாங்குவேன். இது கணக்கு இல்லை, ஆசை.

உங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. '3/10' என்ற எண் அந்த முறைக்கும் அந்த அளவுக்கும் மட்டுமா, படத்துக்கே மொத்தமாகவா என்று எழுத்தில் வாங்குங்கள். 'ஏ.பி.' என்று போட்டு, கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரின்டுகள் எத்தனை என்பதையும் கேளுங்கள். பத்து என்று எழுதிவிட்டு ஏ.பி. ஐந்து வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நான்தானே போட்டுக் கொடுத்தேன்!

கண்ணால் பார்த்து இது இன்க்ஜெட், இது இருட்டறைப் பிரின்ட் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

பிரேமுக்குள் இருந்தால் கஷ்டம். வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்காமல், கண் மட்டத்தில் தட்டை மாதிரி சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் ஒரு டார்ச் அடியுங்கள். பளபளப்பு இன்க்ஜெட் என்றால் மை விழுந்த இடமும் விழாத வெள்ளை இடமும் வேறு வேறு மாதிரி மின்னும், கறுப்புப் பகுதியில் சில சமயம் பித்தளைச் சாயல் அடிக்கும். வெள்ளிப் பிரின்டில் மேற்பரப்பு முழுக்க ஒரே தோல். பழைய வெள்ளிப் பிரின்ட் என்றால் கறுப்பு ஓரங்களில் நீலமாக ஒரு கண்ணாடிப் பூச்சு தெரியும். வெள்ளியே மேலே வந்து படிந்தது அது. நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது சீக்கிரமே வந்துவிடும். சிலருக்கு அது குறை. எனக்கு அது தலை நரைத்த மாதிரி, வயசுக்குச் சாட்சி. அப்புறம் லென்ஸ். நகை மதிப்பிடுகிறவர் கண்ணில் செருகிக்கொள்வாரே, அது போதும். வெளிர் சாம்பல் பகுதியைப் பாருங்கள். தெளித்த மாதிரி தனித்தனிப் புள்ளி தெரிந்தால் மை. ஆனால் மேட் பருத்திப் பேப்பரில் போட்ட நல்ல பிரின்ட் என்னையே இரண்டு தடவை ஏமாற்றியிருக்கிறது.

இருட்டறைப் பிரின்ட் என்று தெரிந்துவிட்டால் மட்டும் நிம்மதி வந்துவிடாது. லூயிஸ் ஹைன் என்பவர் அமெரிக்க ஆலைகளில் வேலை பார்த்த சிறுவர்களைப் படமெடுத்துச் சட்டத்தையே அசைத்தவர், 1940-ல் இறந்தார். 1990-களில் அவருடைய கையெழுத்தோடு, 'வின்டேஜ்' என்று பெயர் சொல்லி நிறையப் பிரின்டுகள் சந்தையில் நடமாடின. பால் மெஸ்ஸியர் என்ற பேப்பர் நிபுணர் உள்ளிட்டவர்கள் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். பேப்பர் நீலமாக ஜொலித்தது. சட்டைக்கு நீலம் போடுவது போல பேப்பரை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் அது. போட்டோ பேப்பரில் அது வந்ததே 1950-களில்தான். செத்துப் பத்து வருஷம் கழித்து எழுந்து வந்து ஹைன் பிரின்ட் போட்டிருக்க முடியாது அல்லவா? ரூபாய் நோட்டைச் சோதிக்கும் சின்ன விளக்கை வைத்து வீட்டிலேயே நீங்களும் பார்க்கலாம்.

டிஜிட்டல் கேமராவில் எடுத்து வெள்ளிப் பேப்பரில் பிரின்ட் போட்டால் அது போலியா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்டியாவோ சல்காடோ 2008 வாக்கில் டிஜிட்டலுக்கு மாறினார். ஃபைலிலிருந்து பிலிமில் ஒரு நெகட்டிவ் செய்து, அதைப் பழையபடி இருட்டறையில் பிரின்ட் போட வைத்தார். யாரும் போலி என்று சொல்லவில்லை, விலையும் குறையவில்லை. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் பிரின்டை வேறொருவரிடம் கொடுத்துத்தான் போடச் சொன்னார். கை யாருடையது என்பதைவிட, 'இதுதான் என் படம்' என்று யார் சொன்னார் என்பதற்கு மரியாதை அதிகம்.

என் அப்பா ஒரு சின்ன ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். போன வருஷம் தவறிவிட்டார். இரண்டு பெட்டி நெகட்டிவும் கொஞ்சம் பழைய பிரின்டுகளும் இருக்கின்றன. ஸ்கேன் செய்து இன்க்ஜெட்டில் பெரிதாகப் போடலாமா, யாரையாவது பிடித்து இருட்டறையில் போடலாமா? எதற்கு மதிப்பு அதிகம்?
– வாசகி, கும்பகோணம்

அம்மா, முதலில் நெகட்டிவ் பெட்டியை மூடி வையுங்கள். அந்தக் 'கொஞ்சம் பழைய பிரின்டு'களை எடுங்கள். மூலை மடங்கியிருக்கும், பூச்சி அரித்திருக்கும், யாரோ பின்னால் மளிகைக் கணக்குகூட எழுதியிருப்பார்கள். மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அப்பா கையால் வெளிச்சம் கொடுத்து, அவர் பார்த்து 'சரி' என்று ஒப்புக்கொண்டவை அவை. வேறு யார் எவ்வளவு நன்றாகப் போட்டாலும் அந்த இடத்துக்கு வர முடியாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் டயான் ஆர்பஸ் 1971-ல் இறந்த பிறகு, அவரிடமே படித்த நீல் செல்கிர்க் என்பவர் மட்டும்தான் அவருடைய நெகட்டிவிலிருந்து பிரின்ட் போட அனுமதி பெற்றவர். அதே மாதிரி பேப்பர், அதே முறை, அவ்வளவு பக்தியோடு செய்தார். ஆனாலும் ஆர்பஸே போட்டதற்கு ஏலத்தில் விலை பல மடங்கு.

புதிதாகப் போடுவதற்கு இருட்டறையா இன்க்ஜெட்டா என்றால், உங்கள் விஷயத்தில் தயங்காமல் இன்க்ஜெட் என்பேன். இருட்டறையில் போட்டாலும் அது அப்பாவுக்குப் பிந்தைய பிரின்ட்தான். வெள்ளி என்பதற்காகப் பழையதாகிவிடாது, செலவு மட்டும் ஏறும். ஸ்கேன் செய்தால் நெகட்டிவைத் திரும்பத் திரும்பத் தொட வேண்டியதில்லை, அதுவும் லாபம். பருத்திப் பேப்பர், பிக்மென்ட் மை, படத்தைச் சுற்றி அமிலமில்லாத அட்டை. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நம் ஊர் மழைக்காலத்தில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு வந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். மேற்கு வெயில் விழும் சுவரும், அடுப்பங்கரைச் சுவரும் வேண்டாம். அப்பா படம் என்று பூஜை அறையில் வைத்து விளக்குக்கு நேராக மாட்டுவீர்கள். அங்கே மட்டும் வேறொரு பிரதியை மாட்டுங்கள், புகைக்கு அதைக் கொடுத்துவிடலாம்.

பழைய பிரின்ட் எதையும் துடைக்காதீர்கள், லாமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பின்பக்கம் ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்ப், தேதி, வாடிக்கையாளர் பெயர், பேப்பர் கம்பெனி முத்திரை எது இருந்தாலும் அதையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். புதிய பிரின்டுகளின் பின்னால் எந்த வருஷம் எடுத்த படம், எந்த வருஷம் போட்ட பிரின்ட், யார் போட்டது என்று மூன்றையும் எழுதுங்கள். மெல்லிய பென்சிலில், கீழ் ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடித்துக்கொண்டு தெரியும்.